எச்.ஐ.வி. உள்ள தம்பியின் கடைசி நாள்கள்: யார் அருகில் இருக்கலாம், யார் முடிவெடுக்கலாம்?

மும்பை சயான் கோலிவாடாவில் வசிக்கும் நாற்பத்தாறு வயதுத் தம்பியைப் பற்றி தாராவியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. மருந்தை உட்கொண்டுவரும் அவருக்கு எச்.ஐ.வி. கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் நிணநீர்ப் புற்றுநோய் கீமோவுக்குப் பிறகும் திரும்பிவிட்டதால், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவருடன் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் துணைவர் ஒரு மராத்திக்காரர், ஆண். திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் இருக்கும் பெற்றோருக்குத் தொற்றைப் பற்றியும் தெரியாது. துணைவரையும் கூடத் தங்கியிருக்கும் நண்பர் என்றே அறிவார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பது மற்றவர்களுக்குப் பாதுகாப்பானதா, அந்தத் துணைவரை முடிவெடுக்கும் இடத்தில் வைக்க முடியுமா, ஊரிலிருந்து வருபவர்கள் உடலைக் குளிப்பாட்ட வேண்டும் என்றால் என்ன செய்வது ஆகியவையே சகோதரியின் கேள்விகள்.

இந்த ஊரில் வலி தணிப்புச் சிகிச்சையில் பணிபுரியும் மருத்துவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாகும் தறுவாயில் ஒருவருக்கு வேண்டியவர்கள் அறைக்கு வெளியே நிறுத்தப்படுவது பெரும்பாலும் யாருடைய கொடுமையாலும் நேர்வதில்லை. எதுவும் எழுத்தில் இல்லாத நிலையில், இரவு இரண்டு மணிக்கு எடுக்க வேண்டிய முடிவை இரத்த உறவு என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பவரிடம் கேட்டு முடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆகையால் உங்கள் தம்பி தெளிவாகப் பேசும் இந்த வாரங்களுக்குள்ளேயே மருந்து, காகிதம், ஆள் ஆகிய மூன்றையும் ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. நாட்டின் முதல் ஹாஸ்பிஸான (குணப்படுத்த முடியாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லமான) சாந்தி அவேத்னா சதன் பாந்திராவில் தொடங்கப்பட்டதும் அதே 1986இல்தான். ஆயினும் இரண்டும் தனித்தனிப் பாதையில் வளர்ந்தன. ஹாஸ்பிஸ்களும் வலி தணிப்புப் பிரிவுகளும் புற்றுநோயை மையமாக வைத்தே உருவாயின, எச்.ஐ.வி. திட்டமோ பரிசோதனை, தடுப்பு, மருந்து என்று சென்றது. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபின் மரணங்கள் குறைந்தன. கம்யூனிட்டி கேர் சென்டர் என்ற பெயரில் படுக்கை வசதியோடு நடந்துவந்த இல்லங்கள் பின்னர் நிறுத்தப்பட்டு, 2013 முதல் ‘விஹான்’ திட்டத்தின் ஆதரவு மையங்கள் வந்தன. அந்த மையங்கள் ஆலோசனைக்கும், சிகிச்சையை விட்டு விலகியவர்களைத் தேடிச் சென்று மீண்டும் சேர்ப்பதற்கும் நல்லவை, ஆனால் அங்கே படுக்கை கிடையாது. மருந்து வந்துவிட்டது, இனி யாரும் சாகப்போவதில்லை என்பதைப் போன்ற கணக்கு அது என்பது என் எண்ணம். உங்கள் தம்பிக்குப் புற்றுநோய் இருப்பதால், ஒரு விதத்தில் வழி சற்று எளிதாகவே இருக்கிறது: டாட்டா மெமோரியல் போன்ற மருத்துவமனைகளின் வலி தணிப்புப் பிரிவையும் வீட்டுக்கு வந்து பார்க்கும் குழுவையும் புற்றுநோயாளி என்ற முறையிலேயே அணுகலாம். எச்.ஐ.வி. உண்டு என்பதற்காகச் சிகிச்சையை மறுப்பதையும் பாரபட்சமாக நடத்துவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி.–எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது.

வீட்டுப் பாதுகாப்பைப் பற்றிய பதில் சுருக்கமானது. தொடுவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும், வியர்வையைத் துடைப்பதாலும், நெற்றியில் முத்தமிடுவதாலும் எச்.ஐ.வி. பரவாது. வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகவும் பரவுவதில்லை. இரத்தத்தையோ புண்ணின் கசிவையோ கையாளும்போது மட்டும் கையுறை அணியுங்கள். இரத்தம் பட்ட துணியைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்த பின் வழக்கம்போல் துவைக்கலாம். மற்றத் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டியதே இல்லை. ஊசி ஏதேனும் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 28 நாள் உட்கொள்ள வேண்டும். தனித் தட்டு, தனித் தம்ளர் வைப்பது தேவையற்றது என்பதோடு, படுத்திருப்பவர் அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருந்து விஷயத்தில்தான் கவனம் அதிகம் தேவைப்படுகிறது. ஏ.ஆர்.டி. மாத்திரையை இனி எதற்கு என்று நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. கடைசி மூச்சு வரை வாயில் திணிக்கும் குடும்பங்களும் உண்டு. விழுங்க முடிகிற வரை தொடர்வதே பொதுவாக நல்லது. நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், பூஞ்சைத் தொற்று என்று புதிய துன்பங்களைக் கொண்டுவரும். கூடவே ஹெபடைட்டிஸ் பி இருந்தால், ஏ.ஆர்.டி.யில் உள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்துவதால் கல்லீரல் அழற்சி பொங்கி எழக்கூடும். ஆனால் விழுங்கும் திறன் போய், பெரும்பாலான நேரம் மயக்கத்திலேயே இருக்கும் கடைசி நாள்களில் அதை நிறுத்துவது பிழையன்று. அதனால் மரணம் முந்திவிடாது. துணைவர் இந்த விஷயத்தில் குற்ற உணர்வு கொள்ளக்கூடும். ஆகையால் எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதை ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடமும் வலி தணிப்பு மருத்துவரிடமும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வலிக்கு மார்ஃபின் கொடுக்க வேண்டியிருக்கும். அதைக் கேட்டதும் நம் வீடுகளில் எழும் அச்சம் எனக்குத் தெரியும்: கெட்ட பழக்கம் ஆகிவிடுமா, சீக்கிரம் முடித்துவிடுமா என்று. வலியின் அளவுக்கு ஏற்பப் படிப்படியாகக் கூட்டித் தரப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. சாதாரண மாத்திரையாக இருந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்து துடித்தபின் கொடுப்பது பாதி பயனையே தரும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துத் தர வேண்டும். இதை விட்டுவிட்டுப் பிறகு மார்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. மூச்சுத் திணறலுக்கும் குறைந்த அளவு மார்ஃபின் உதவும். டெனோஃபோவிர் நெடுநாள் உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கக்கூடும். அப்படியானால் மார்ஃபின் உடலில் தேங்கித் தூக்கக் கலக்கத்தையும் தசைகள் திடீரெனத் துடிப்பதையும் தரும் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பழைய காலத்து ஸ்டாவுடின் மருந்தை உட்கொண்டவர்களுக்குப் பாத எரிச்சல் இன்றும் இருக்கக்கூடும். அந்த எரிச்சல் மார்ஃபினுக்கு முழுதாக அடங்காது. நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை வேண்டியிருக்கும்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதையும் கவனிக்க வேண்டும். ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் கட்ட ஏ.ஆர்.டி.யில் இருப்பவருக்கு ஃபென்டனில் என்ற வலிமருந்துப் பட்டையை ஒட்டினால் அதன் அளவு இரத்தத்தில் ஆபத்தாக ஏறிவிடும். சில ஸ்டீராய்டுகளும் அப்படியே. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறாக மார்ஃபினின் வீரியத்தைக் குறைக்கும். டோலுடெக்ராவிர் என்ற ஏ.ஆர்.டி. மருந்தையும் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டிவரும். வலிப்பு மருந்துகளான கார்பமாசெபினும் ஃபெனிட்டாயினும் டோலுடெக்ராவிரின் அளவை இறக்கிவிடும். இவற்றையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். புற்றுநோய் மருத்துவர், ஏ.ஆர்.டி. மையம், வலி தணிப்புக் குழு ஆகிய மூவரிடமும் எல்லா மருந்துகளும் அடங்கிய ஒரே தாளைக் காட்டினால் போதும். தொற்றை மறைப்பதற்காக ஏ.ஆர்.டி. மருந்துகளை மட்டும் அந்தத் தாளில் எழுதாமல் விடுவதுதான் ஆபத்து.

மறைக்க வேண்டும் என்ற அந்த எண்ணத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பொது வார்டில், கட்டில் காலில் தொங்கிய கோப்பின் அட்டையில் சிவப்பு மையால் வட்டமிட்டு எழுதியிருந்ததை, எதிர்க் கட்டிலுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அதே தெருக்காரர் படித்துவிட்டார். மறுநாள் காலையில் நோயாளியின் மகளைக் குழாயடியில் குடத்தை ஓரமாக வைக்கச் சொன்னார்கள். சட்டப்படி, சம்மதமின்றி ஒருவருடைய தொற்று நிலையை வெளியிடக்கூடாது. சிகிச்சையில் நேரடியாக ஈடுபடும் மருத்துவப் பணியாளர்களுக்குத் தேவையான அளவு தெரிவிக்க இடமுண்டு. கோப்பின் வெளியட்டையில் எழுதாதீர்கள், உள்ளே எழுதுங்கள் என்று வார்டு சிஸ்டரிடம் உரிமையோடு கேட்கலாம். இங்கே தமிழர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மராத்தியும் இந்தியும் சரியாகப் பேச வராத நோயாளிக்கு, தமிழ் தெரிந்த யாரையாவது வராந்தாவிலிருந்து அழைத்துவந்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள். அந்த ஆள் பெரும்பாலும் நம் பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவராகவே இருப்பார். மயக்கக் குழப்பம் வரும்போது பலர் பின்னாளில் கற்ற மொழிகளை விட்டுத் தாய்மொழியிலேயே பேசுவார்கள். அப்போது மராத்தி மட்டுமே அறிந்த துணைவர் தவித்துப்போவார். ஆகவே மொழிபெயர்க்கும் ஆளாக நீங்களே இருப்பது என்று முடிவுசெய்து, மருத்துவக் குழுவிடம் சொல்லிவையுங்கள்.

இனி முடிவெடுக்கும் உரிமை. ஆணும் ஆணும் இணைந்து வாழ்வது குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தகைய திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று 2023 அக்டோபரில் கூறிவிட்டது. ஆகவே மருத்துவமனைப் படிவத்தில் அந்தத் துணைவருக்கு இயல்பான இடம் கிடையாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ‘நோயாளிக்கு உறவு’ என்ற கட்டத்தில் உண்மையாக நண்பர் என்று எழுதியவரைத் திருப்பி அனுப்பியதையும், மறுநாள் சகோதரன் என்று எழுதியபோது அதே காவலாளி உள்ளே விட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பொய் ஒருநாள் கைகொடுக்கும். வென்டிலேட்டர் வைக்கலாமா என்று கையெழுத்துக் கேட்கும்போது உண்மையான சகோதரர்கள் வந்து நின்றால் கைகொடுக்காது.

கைகொடுப்பது முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம்தான். லிவிங் வில் என்று சொல்கிறார்களே, அது. 2018 மார்ச் 9 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதற்கு அனுமதி தந்தது. அப்போது விதித்த நடைமுறை மிகக் கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டியதில்லை. தனக்குப் பேச முடியாமல் போகும்போது தன் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்பதை அதில் எழுதலாம். ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். துணைவரின் பெயரையும் உங்கள் பெயரையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். மருத்துவமனை துணைவரைப் பார்த்துத் தயங்கும் இடத்தில் உங்கள் பெயர் அவருக்கு அரணாக நிற்கும். ஆவணத்தின் பிரதியைக் குடும்ப மருத்துவரிடம் கொடுங்கள். மும்பை மாநகராட்சியும் இவற்றைப் பெற்றுப் பாதுகாக்க அதிகாரிகளை நியமித்திருக்கிறது; அங்கும் ஒரு பிரதி இருக்கட்டும். உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதோ தொடங்காமல் விடுவதோ மருத்துவமனைக்குள் நடக்குமானால், முதலில் ஒரு மருத்துவக் குழுவும் பின்னர் இரண்டாவது குழுவும் ஒப்ப வேண்டும். ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் முடிவுசொல்வது நல்லது என்று நீதிமன்றம் கூறியிருக்கிறது. எழுதுபவர் தெளிந்த மனநிலையில் இருந்தால்தான் ஆவணம் செல்லும். இந்த நோயில் குழப்பம் ஓர் இரவில் வந்துவிடக்கூடும் என்பதால் நாள் கடத்தாதீர்கள்.

உங்கள் கேள்விக்குச் சற்று அப்பாற்பட்டதையும் ஓரிரு வரியில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கும் மற்றவர்களின் நிலை வேறாக இருக்கும். திருநங்கை ஒருவரை ஆண்கள் வார்டில் கிடத்தி, வீட்டார் வைத்த பழைய பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எந்த மருந்தாலும் அவருக்கு நிம்மதி தர இயலாது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைச் சட்டப்படி அடையாளச் சான்று இருந்தால் கோப்பில் அந்தப் பெயரே இருக்க வேண்டும். அவருடைய குருவையும் உடன் வாழ்பவர்களையும் குடும்பமாக எண்ணிப் பேச வேண்டும். போதை ஊசிப் பழக்கம் இருந்தவர்களுக்கு வலிமருந்தைக் குறைத்துத் தரும் வழக்கம் தவறு; அவர்களுடைய உடல் அந்த வகை மருந்துக்குப் பழகியிருந்தால் கூடுதலாகத்தான் தேவைப்படும். சிறு பிள்ளைகள் உள்ள தாயோ தந்தையோ, தமக்குப் பின் பிள்ளைக்குப் பாதுகாவலர் யார் என்பதை உயிலில் எழுதிவைக்க எச்.ஐ.வி. சட்டமே வழிசெய்கிறது.

உடலைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டுவதும், கோடி போர்த்துவதும், வாய்க்கரிசி இடுவதும் எதுவும் தடையில்லை. குளிப்பாட்டும் இருவர் மூவர் கையுறை அணிந்துகொள்ளட்டும். ஊசி போட்ட இடத்திலும் புண்ணிலும் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். கசிவு இருந்தால் பஞ்சு வையுங்கள். புற்றுநோயில் இறந்தவர் எவருக்கும் செய்யும் ஏற்பாடே இது என்பதால், கையுறையைக் கண்டு யாரும் எதையும் ஊகிக்க மாட்டார்கள். மருத்துவமனையில் இறந்து, உடலைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றித் தர முனைந்தால், அது எச்.ஐ.வி.க்குத் தேவையில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். மயானத்திலோ ஈமச் சடங்கிலோ பாரபட்சம் காட்டுவதையும் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. இருபது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் மருத்துவ நிறுவனத்தில் இதற்கென ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும். அவரிடம் பலன் இல்லாவிட்டால் மாநிலக் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனிடம் செல்லலாம்.

வீட்டில் இறப்பு நேர்ந்தால், மருத்துவர் எழுதித் தரும் மரணக் காரணச் சான்று இல்லாமல் மயானத்தில் தகனம் செய்ய விடமாட்டார்கள். அவரைத் தொடர்ந்து பார்த்துவந்த மருத்துவர் ஒருவர் அதைத் தர இசைவார் என்பதை இப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்; இல்லையேல் நள்ளிரவில் மருத்துவரைத் தேடி அலைய நேரும், சில சமயம் போலீஸ் வரை போகும். அந்தச் சான்றில் நோய்களின் பெயர் இருக்கும் என்பதால் அதை யார் கையில் வைத்திருப்பது என்பதும் முக்கியம்: நீங்களோ துணைவரோ மட்டும் வைத்திருங்கள், ஊரிலிருந்து வந்த சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பாதீர்கள். பிற்பாடு மாநகராட்சி தரும் இறப்புச் சான்றிதழில் காரணம் இடம்பெறாது. வங்கிக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் அதுவே போதும். பெற்றோர் கேட்டால் புற்றுநோய் என்று சொல்வது பொய்யாகாது. அதற்கு மேல் எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்பதைத் தம்பியிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடலைப் பெறும் உரிமை பற்றி ஒரு செய்தி. நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் துணைவரே உடலைப் பெறலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. உறவினர் இருக்கும்போது இது உதவாது. அங்கே உங்கள் கையெழுத்தே உதவும். உடன்பிறந்த அக்காவாகிய நீங்கள் மருத்துவமனையில் பெற்று, கோலிவாடா வீட்டுக்கே முதலில் கொண்டுசெல்லலாம். கொள்ளி வைப்பது ஊர் வழக்கப்படி யாராக இருந்தாலும், துணைவர் எங்கே நிற்பார், அவரை என்ன உறவு சொல்லி அறிமுகப்படுத்துவது, பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரை அழைப்பதா என்பவற்றைத் தம்பியின் விருப்பப்படி முன்பே தீர்மானியுங்கள். பந்தலில் நின்றுகொண்டு பேச வேண்டிய பேச்சு அல்ல அது.

கடைசியாக, வீடு. வாடகை ஒப்பந்தம் தம்பியின் பெயரில் மட்டும் இருந்தால், காரியம் முடிந்த மாதமே துணைவர் வெளியேற வேண்டியிருக்கும். டெபாசிட் பணமும் உறவினரிடம் போகும். வீட்டு உரிமையாளரிடம் பேசி இருவர் பெயரிலும் ஒப்பந்தத்தை மாற்றச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் நாமினியாகத் துணைவரைப் போடலாம், ஆனால் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர வாரிசு ஆகிவிடமாட்டார் என்பதால் உயிலும் வேண்டும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. சொத்தைப் பெறப்போகிறவர் சாட்சியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டரியிடம் மருத்துவ ஆவணத்துக்காகப் போகும் அன்றைக்கே இதையும் முடித்துவிடலாம். நடக்க முடியாவிட்டால் வீட்டுக்கே வரும் நோட்டரி தாராவியிலும் சயானிலும் தேடினால் கிடைப்பார்.